மூன்றில் ஒரு பங்கு மீறல்

அரசியல் சாசனத்தின் மாண்பை மக்கள் மனத்தில் பதிய வைக்க அரசு ஒரு வாரம் ஒதுக்கியது. முதல் நாள் விழிப்புணர்வு ஊர்வலம். ஊர்வலம் வரும் தெருவோரம் பஞ்சர் கடைக்காரர் நான்கு சைக்கிள்களை நிறுத்தியிருந்தார். மூன்றை உள்ளே தள்ளிவிட்டார். நான்காவதற்குப் பின்சக்கரம் கழற்றிக் கிடந்தது. அதைத் தூக்கி நிமிர்வதற்குள், ஊர்வலத்துக்கு வழிவிலக்கி வந்த காவலர் அவர் முழங்கையில் தடியால் இரண்டு மூன்று போடு போட்டார். பின்னாலேயே வந்த பதாகையில் ‘ஒவ்வொருவரின் கண்ணியமும் காக்கப்படும்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

கை புடலங்காயாய் வீங்கிவிட்டது. பம்பை அழுத்த முடியவில்லை.

“போலீஸ்கிட்ட போய் வம்பை விலைக்கு வாங்காதீங்க,” என்றாள் மனைவி.

“அடிச்சது தப்புன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லட்டும். அது போதும் எனக்கு,” என்று கிளம்பிவிட்டார் அவர்.

காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் மரியாதையாக நாற்காலி போட்டார்.

“யார் அடிச்சது?”

“உங்க போலீஸ்காரர்தான் சார்.”

“போலீஸ் அடிக்கிறது சாசன விரோதம், தெரியுமா?”

“அதைச் சொல்லத்தானே சார் வந்தேன்.”

“சாசன விரோதமா எங்க ஆள் எதுவும் செய்ய மாட்டார். அப்ப அடிச்சவர் எங்க ஆளே இல்லை. புரியுதா?”

“யூனிஃபார்ம் போட்டிருந்தாரே!”

“அடடா, ஆள்மாறாட்டம்! சும்மா விடக்கூடாது. யாருய்யா அங்கே, புகாரை எழுது.”

பேனாவோடு வந்தவரைப் பார்த்ததும் பஞ்சர் கடைக்காரர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அடித்தவரேதான்.

“எத்தனை அடி?” என்று கேட்டார் காவலர்.

“ரெண்டோ மூணோ... சரியா ஞாபகம் இல்லை.”

“மூணு,” என்று எழுதிக்கொண்டார் காவலர்.

“உனக்கு எப்படித் தெரியும்?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“பக்கத்துலதான் சார் இருந்தேன்.”

“பார்த்தீங்களா, சாட்சியும் கிடைச்சாச்சு!” என்று இன்ஸ்பெக்டர் கைகுலுக்கி அனுப்பிவைத்தார். வீங்கின கையைத்தான் குலுக்கினார்.

அடுத்தது மனித உரிமை அலுவலகம். அங்கிருந்த அதிகாரி தங்கமானவர். முழங்கையைப் பார்த்ததும் கண்கலங்கினார். கண்ணைத் துடைத்துவிட்டுக் கையேட்டைப் புரட்டினார்.

“முதல் ரெண்டு அடி நியாயமான பலப்பிரயோகம். மூணாவதுதான் மிகை. இந்த மாதிரி மிகை மூணு சேர்ந்தாத்தான் ஒரு மீறல். உங்களுக்கு நடந்தது மூணுல ஒரு பங்கு. படிவத்துல பின்னம் எழுத இடமில்லையே!”

“நான் என்ன சார் செய்யட்டும்?”

“இன்னும் ரெண்டு தடவை, மும்மூணு அடியா வாங்கிட்டு வந்தீங்கன்னா முழுசாயிடும். நானே முன்னின்று முடிச்சுத் தரேன்.”

அவர் முகம் செத்துப்போனதைப் பார்த்து அதிகாரிக்கு மனசு கேட்கவில்லை. வார நிறைவு விழாவில் ‘உரிமை அறிந்த குடிமகன்’ என்று மேடையேற்றுவதாக வாக்களித்தார்.

சொன்னபடியே மேடையில் இடம் கிடைத்தது. ஓய்வுபெற்ற நீதிபதிக்குப் பக்கத்து நாற்காலி. பிறந்ததிலிருந்து அவ்வளவு மெத்தென்ற நாற்காலியில் அவர் உட்கார்ந்ததில்லை. எல்லோரும் எழுந்து நின்று சாசனத்தின் முகவுரையைச் சேர்ந்து படித்தார்கள். சமத்துவம், சுதந்திரம், கண்ணியம். ஒவ்வொரு சொல்லும் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதுபோல் இருந்தது. ஊரே கைவிட்டாலும் இந்தப் புத்தகம் நம் கட்சி என்று அவருக்குப் பட்டது.

அப்போதுதான் மூன்றாவது வரிசையில் ஒரு ஆள் உட்கார்ந்தே இருப்பது கண்ணில் பட்டது.

“எழுந்திருய்யா!” என்று யாரோ அதட்டினார்கள்.

“மூட்டுவலிங்க. அதுவுமில்லாம, அவரவர் விருப்பப்படி இருக்கலாம்னு இப்பத்தானே படிச்சீங்க?” என்றார் அந்த ஆள்.

“சாசனத்தையே கேலி பண்றியா?” கன்னத்தில் விழுந்த முதல் அறை வக்கீல் ஒருவருடையது. அப்புறம் யார் யாருடையது என்று சொல்ல முடியவில்லை. வாத்தியார்கள் இருந்தார்கள், வியாபாரிகள் இருந்தார்கள், கண்கலங்கும் அதிகாரியும் இருந்தார். விலக்கிவிடத்தான் பஞ்சர் கடைக்காரர் மேடையிலிருந்து குதித்தார். சத்தியமாக விலக்கிவிடத்தான். கூட்டத்துக்குள் போனதும், தனக்கு ஆதரவாக இருந்த ஒரே புத்தகத்தை இவன் அவமதித்துவிட்டானே என்று ரத்தம் தலைக்கேறியது. அப்புறம் நடந்தது அவருக்கே கோர்வையாக நினைவில்லை.

மேடையில் நீதிபதி, விழா இனிதே நிறைவுற்றதாக அறிவித்தார்.

பொழுது சாயும் நேரத்தில் வீட்டுக்கு வந்தவரை மனைவி மேலும் கீழும் பார்த்தாள்.

“கூட்டத்துல என்னங்க பேசினாங்க?”

“யாரும் யாரையும் கைநீட்டி அடிக்கக் கூடாதாம்.”

“இதுக்கா ஒரு கூட்டம்? சட்டை ஏன் இப்படிக் கிழிஞ்சிருக்கு?”

“ஒருத்தனுக்குப் புரியலை,” என்றார் அவர். “எல்லாருமாச் சேர்ந்து புரியவெச்சோம்.”