மதிப்பீட்டாளர் குராமோச்சியும் ஏழாவது கோபுரமும்

இனிமேல் இந்த வீட்டில் தன்னை யாரும் லேசாக நினைக்கக் கூடாது என்று குராமோச்சி அன்று காலை தீர்மானம் செய்துகொண்டார். யாரும் என்றால் அவர் மனைவி சட்சுகி. வீட்டில் வேறு ஆள் கிடையாது.

தீர்மானத்துக்குக் காரணம் ஓர் அஞ்சலட்டை. ஒசாகா பழைய வீடியோ கேம் கேசட் சேகரிப்போர் சங்கம், வரும் ஞாயிற்றுக்கிழமை நிப்பொன்பாஷியில் நடக்கும் புத்தாண்டுக் கூட்டத்துக்கு அவரைச் சிறப்பு மதிப்பீட்டாளராக அழைத்திருந்தது. பத்தொன்பது வருஷமாகக் கடைசி வரிசை மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர். போல்ட்டு நட்டுக் கம்பெனியில் நட்டுகளோடு மல்லுக்கட்டியே தலை நரைத்தவர். அப்படிப்பட்டவர் இப்போது மேடையேறப் போகிறார். அட்டையைச் சட்டைப்பையில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

அவருடைய துறை கதை விளையாட்டுகள். வாளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்து, அரக்கனை ஒழித்து, இளவரசியை மீட்பது. அந்த வகையில் அறுநூற்று நாற்பது கேசட்டுகள் படுக்கையறை அலமாரியின் இரண்டு தட்டுகளையும் அடைத்துக்கொண்டு கிடந்தன. அவற்றில் ஒன்றைக்கூட அவர் விளையாடியதில்லை. விளையாட்டு மெஷினில் செருகினால் கேசட்டின் உலோக முனை தேயும், முனை தேய்ந்தால் மதிப்பு தேயும் என்பது அவர் கட்சி. ஊரிலுள்ள கேசட்டுக்கெல்லாம் மதிப்புப் போடுகிறவருக்கு வீட்டில் மதிப்பு இல்லை என்பது சட்சுகியின் கட்சி.

"சட்சுகி, இதைப் படி. சத்தமா படி."

"'சிறப்பு மதிப்பீட்டாளர்.' அப்படின்னா?"

"ஒரு சாமானைப் பாத்து நான் இவ்வளவுதான்னு சொன்னா, அது அவ்வளவுதான்."

"அப்ப என் பன்னெண்டு ஜாடியைப் பாத்துச் சொல்லுங்க. பிளம் ஒயின் ஊறிக்கிட்டிருக்கு. சமையல்கட்டுல கால் வைக்க இடமில்லை. உங்க அலமாரிதான் நல்ல இருட்டு."

"அங்கே அறுநூத்தி நாப்பது பேர் குடியிருக்காங்க."

"ஆமா, வாடகை குடுக்காம."

அந்தச் சமயம் பார்த்து வாசலில் மணி அடித்தது. வகயாமாவிலிருந்து சட்சுகியின் அண்ணன் ஒரு பெட்டி ஆரஞ்சு அனுப்பியிருந்தார். ஆரஞ்சுக்கு அடியில் செய்தித்தாளில் சுற்றிய இரண்டு கேசட்டுகள். கூடவே ஒரு சீட்டு: 'அப்பா வீட்டைக் காலி செய்கிறோம். உன் மேஜை இழுப்பறையில் இவை கிடந்தன.'

ஒன்று பேஸ்பால் விளையாட்டு. பழைய சாமான் கடையில் எந்தக் கூடையைக் கவிழ்த்தாலும் நாலு விழும். இன்னொன்றின் பச்சை லேபிளைப் பார்த்ததும் குராமோச்சிக்கு மூச்சு நின்றது. 'ஏழாவது கோபுரம்'! வெளிவந்த மறுமாதமே கம்பெனி மூடிவிட்டதால் நாட்டில் நூறுகூடத் தேறாத கேசட். ஒரே ஒரு தடவை, கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கப் பார்த்திருக்கிறார். அதைக் கையில் ஏந்திக்கொண்டு மேடையேறினால், சங்கம் அவர் பெயரை நூறு வருஷத்துக்கு மறக்காது.

விஷயம் தெரிந்தால் சட்சுகி சும்மா விடமாட்டாள். பல் டாக்டரின் வரவேற்பறையில் காத்திருக்கிறவர்போல் முகத்தை வைத்துக்கொண்டார்.

"ரெண்டும் குப்பை."

"அப்படியா? நாளைக்கு முனிசிபாலிட்டி வண்டி எரியாத குப்பை எடுக்கிற நாள்தான். போட்டுடறேன்."

"ஐயோ!"

"என்ன ஐயோ?"

"இல்லே, உங்க அண்ணன் ஆசையா அனுப்பினது. அவர் மனசு நோகும்ல?"

"எங்க அண்ணன் மனசு மேல உங்களுக்கு எப்பலேருந்து அக்கறை? அதுசரி, குப்பையைத் தொட்டதுக்கா கை இப்படி நடுங்குது?"

"ஆரஞ்சு சில்லுனு இருக்கு."

"சரி, மதிப்பீட்டாளரே, மதிப்புப் போடுங்க."

"கோபுரம் முன்னூறு யென். பேஸ்பால் முப்பது. அதுவும் உன் முகத்துக்காக."

"எதுக்கும் மெஷின்ல ஒரு தடவை போட்டுப் பாத்துடலாமா?"

"போடறதா!" குராமோச்சி கேசட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். "முனை தேஞ்சுடும்! தெரிஞ்சவன் கண்ணாலயே பாப்பான். தெரியாதவன்தான் போட்டுப் பாப்பான்."

"முன்னூறு யென் சாமானுக்கு முனை தேஞ்சா என்ன, மூக்கு தேஞ்சா என்ன?"

குராமோச்சி அவசர அவசரமாக ஆரஞ்சு உரிக்க ஆரம்பித்தார்.

"சரிங்க, கோபுரம் வேணும்னா எடுத்துக்கோங்க. அதுக்குப் பதிலா அலமாரியில மேல்தட்டு எனக்கு."

"முன்னூறு யென்னுக்கு ஒரு தட்டா? அநியாயம்!"

"அப்ப எரியாத குப்பை."

"எடுத்துக்கோ, எடுத்துக்கோ."

"கீழ்த்தட்டும்."

"அது எதுக்கு?"

"மேல்தட்டுல ஆறு ஜாடிதான் நிக்கும். மீதி ஆறும் எங்கே போகும்? உங்க மடியிலயா?"

குராமோச்சி கோபுரத்தைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார். அறுநூற்று நாற்பது போர்வீரர்களும் அட்டைப்பெட்டிகளில் ஏறிச் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் குடிபோனார்கள். அவரே சீட்டியடித்துக்கொண்டு சுமந்தார். பன்னிரண்டு ஜாடிகளையும் அவரே ஏற்றி வைத்தார். ஓர் உலக அதிசயத்தை ஒயின் ஜாடி விலைக்கு முடித்துவிட்ட பெருமிதத்தில் இடுப்பு வலிகூடத் தெரியவில்லை.

"இந்த பேஸ்பால் என்கிட்டயே இருக்கட்டும்," என்றாள் சட்சுகி. "எங்கப்பாவுக்கு பேஸ்பால்னா உயிர்."

"தாராளமா வச்சுக்கோ," என்றார் வள்ளல்.

ஞாயிற்றுக்கிழமை குராமோச்சி கழுத்தில் டையும் கையில் வெள்ளைக் கையுறையுமாக மேடையில் நின்றார். நாற்பது பேர் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள். லேபிளின் பச்சையைப் பற்றிப் பத்து நிமிஷம், பிளாஸ்டிக் ஓட்டின் வழவழப்பைப் பற்றிப் பத்து நிமிஷம், தன் கண்ணின் கூர்மையைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். கைதட்டல் கூரையைத் தொட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் தோள்கள் கோட்டுக்குள் நிறைந்து நின்றன.

சங்கத் தலைவர் கொமியாமா எழுந்தார். முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது அவருக்கு.

"குராமோச்சி ஐயா, இது ஓடிப் பாத்தவங்க நம்ம சங்கத்துல யாருமே இல்லை. ஒரே ஒரு தடவை போட்டுக் காட்டணும். காலைப் பிடிச்சுக் கேட்டுக்கறேன்."

முனை தேயுமே என்று நாக்கு நுனிவரை வந்தது. நாற்பது ஜோடிக் கண்கள் முன்னால் அதைச் சொல்ல முடியவில்லை. பெரிய மனதோடு செருகினார்.

திரை வெளிச்சமாயிற்று. எக்காளம் ஒலித்தது. பச்சை மைதானம் வந்தது. தொப்பி போட்ட ஒருவன் மட்டையோடு வந்து நின்றான்.

"இது எத்தனையாவது மாடி?" என்று பின்வரிசையில் ஒரு குரல்.

"முதல் இன்னிங்ஸ்," என்றது இன்னொன்று.

கொமியாமா கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஓடு அசல்தான் ஐயா," என்றார் ஆறுதலாக. "உள்ளே ஓடறதுதான் வேற."

பின்வரிசை மடக்கு நாற்காலி காலியாகத்தான் இருந்தது. குராமோச்சி அதில்கூட உட்காராமல் ரயிலேறினார்.

வீட்டுக்குள் நுழைந்தபோது சட்சுகி போர்வைக்குள் காலை நீட்டி, ஆரஞ்சுத் தோல் மலைக்கு நடுவில் சுகமாக விளையாடிக்கொண்டிருந்தாள். மெஷினில் செருகியிருந்தது பேஸ்பால் கேசட். டி.வி.யில் ஒரு கோபுரம். அதன் படிகளில் வாளோடு ஏறிக்கொண்டிருந்த வீரனின் தலைக்கு மேல் 'சட்சுகி' என்று எழுதியிருந்தது.

"வந்துட்டீங்களா? கூட்டம் எப்படி?"

"உள்ளே... வெளியே... மாறி..." என்றார் குராமோச்சி.

"ஓ, அதுவா? பரீட்சை வருஷம் அப்பா கதை விளையாட்டே கூடாதுன்னுட்டார். பேஸ்பால் ஆடினா மட்டும் பக்கத்துல வந்து உக்காந்துப்பார். அதான் ரெண்டு ஓட்டையும் நெம்பிப் பிரிச்சு, உள்ளே இருக்கறதை மாத்தி வச்சேன். ரெண்டும் ஒரே கம்பெனி, கச்சிதமா உக்காந்துச்சு. அவர் ரூம்ல இல்லாதப்ப கோபுரம் ஏறுவேன். அவர் வந்து கேசட்டை எடுத்துப் பாத்தா பேஸ்பால்னு இருக்கும். கடைசிவரைக்கும் அவர் கண்டுபிடிக்கலை, பாவம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"போட்டுப் பாக்கலாமான்னு கேட்டேனே. தெரியாதவன்தான் போட்டுப் பாப்பான்னீங்க."

குராமோச்சி திரையைப் பார்த்தார். பதினைந்து வயதில் அவள் விட்ட ஆறாவது மாடி அப்படியே இருந்தது. விட்ட இடத்தை முப்பத்தைந்து வருஷமாக உள்ளே நினைவில் வைத்திருந்த குட்டி பேட்டரி சாகவில்லை. சங்கத்தில் யார் வீட்டிலும் இப்படி ஒன்று இல்லை, ஒசாகாவிலேயே இல்லை. அவமானமெல்லாம் மறந்து அவருக்கு நெஞ்சு விம்மியது. அதுவும் சொந்த மனைவியின் கையால் ஏறிய ஆறு மாடி!

"சட்சுகி," என்றார், குரலில் தேன் வடிய. "அதையும் எனக்குக் குடுத்துடு. ஓட்டையும் உள்ளே இருக்கறதையும் பழையபடி ஒண்ணு சேத்து அடுத்த கூட்டத்துல அவங்க வாயை அடைச்சுடறேன். பதிலுக்கு நீ என்ன கேட்டாலும் சரி."

சட்சுகி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு சுளை ஆரஞ்சை வாயில் போட்டுக்கொண்டாள்.

"குடுக்கலாம்தான். ஆனா மாத்திக் குடுக்க உங்ககிட்ட இன்னொரு அலமாரி இல்லையேங்க!"