ஆடாத இடத்தில் வாசிக்காத கப்பலண்ணன்

பாறசாலையில் தொடங்கி பூவாறு கழிமுகம் வரை சல்லடை போட்டுத் தேடினாலும், தரையில் உட்கார்ந்து வாசிக்கத் தெரியாத ஒரே வாத்தியக்காரர் எங்கள் கப்பலண்ணன்தான். அதை யாராவது குறையாகச் சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். தரையில் வாசிக்கத்தான் ஊருக்கு நூறு பேர் இருக்கிறார்களே!

சரக்குக் கப்பலில் இருபது வருஷம் சமையல்காரராக இருந்தவர். திரும்பி வரும்போது கொண்டுவந்தது ஒரு யுகுலேலே. கிதார் மாதிரிதான், ஆனால் நான்கே நைலான் கம்பி, கைக்குழந்தை அளவு. அரிசி வேகும் நேரத்தில் கற்றுக்கொண்டாராம். அலையில் ஆடிப் பழகிய கை. ஆட்டம் நின்றால் விரலும் நின்றுவிடும்.

சர்ச் ஆண்டு விழாவில் மேடை ஏற்றினோம். பத்து நிமிஷம் சபையைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு இறங்கி வந்தார்.

“என்ன அண்ணா?”

“மேடை ஆடல்லியே மக்கா.”

அடுத்த வருஷம் ஊஞ்சல் கட்டினோம். “இது முன்னயும் பின்னயும்லா ஆடுது! வள்ளம் பக்கவாட்டுல ஆடும் கேட்டியா?” என்று அதையும் தள்ளிவிட்டார்.

கடைசியில் ஒரு பழைய வள்ளம் வாங்கி, பாய் கட்டி, பூவாறில் இறக்கினார். சாயங்காலம் கடல்காற்று பிடித்ததும் கச்சேரி. பாய்க்கயிறு என் கையில். சுற்றுலாப் படகுக்காரர்கள் மோட்டாரை அணைத்துவிட்டுக் கேட்பார்கள். வலையில் விழுந்த மீன்கூடத் துள்ளாமல் கேட்கும், நம்பாவிட்டால் போங்கள்.

அப்போதுதான் அவருடைய ஒரே மகள் ஜெஸிக்குக் காரக்கோணத்தில் மாப்பிள்ளை அமைந்தது. அவள் நகை கேட்கவில்லை.

“எனக்க ஞானஸ்நானத்துக்கும் அப்பா இல்ல, பள்ளிக்கூட விழாவுக்கும் இல்ல. கல்யாணத்துக்காவது ஒரு பாட்டு முழுசா வாசிக்கணும். அது போதும் எனக்கு.”

அண்ணன் முகம் வாடிவிட்டது. ஒரு வாரம் வீட்டுத் தரையில் உட்கார்ந்து முயன்று பார்த்தார். இரண்டு வரிக்கு மேல் விரல் நகரவில்லை. நாங்கள் கூடிப் பேசி, விருந்தையே பூவாறு கரைக்கு மாற்றினோம்.

பாய்க்கு, மணமக்கள் படம் போட்ட புது ஃப்ளெக்ஸ். அவசரத்தில் நான் அதைத் தலைகீழாகக் கட்டிவிட்டேன். “எலே, எனக்க மவனத் தலகீழா தூக்கியிருக்கியளே!” என்று மாப்பிள்ளையின் அம்மா கரையிலிருந்து அலறினார்.

பாட்டு தொடங்கியது. ஆனால் ஓடுகிற வள்ளம் நிற்குமா? ஒரு வரியோடு வருவோம், அடுத்த வரியோடு தாண்டிப் போய்விடுவோம். வள்ளத்தைத் திருப்பிக்கொண்டு வரும்வரை கரை காத்திருக்கும். அவரும் விட்ட இடத்திலிருந்து நேர்மையாகத் தொடங்குவார். நான்கு சரணப் பாட்டுக்கு ஏழு தடவை போய் வந்தோம். பிரியாணி ஆறிப்போனது. ஆனாலும் ஒருவர்கூட இலைப் பக்கம் போகவில்லை.

கடைசிச் சரணத்தில், சரியாக விருந்தாளிகளுக்கு முன்னால், காற்று நின்றது. பாய் தொங்கியது, வள்ளம் அசையாமல் நின்றது, பாட்டும் நின்றது. அண்ணன் யுகுலேலேயைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். நெற்றி முழுக்க வியர்வை.

“எனக்குக் கை வரல்ல மோளே,” என்றார்.

ஜெஸி கல்யாணப் புடவையோடு தண்ணீரில் இறங்கினாள். முழங்கால் ஆழத்தில் வந்து வள்ளத்தின் விளிம்பைப் பிடித்து ஆட்டத் தொடங்கினாள். மாப்பிள்ளையும் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு மறுபக்கம் வந்து பிடித்தான்.

“இப்ப ஆடுதா அப்பா? வாசிங்க.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து தொடங்கினார். நான்கு சரணமும் ஒரு வரி விடாமல் வாசித்து முடித்தார். கரையே எழுந்து நின்று கேட்டது. “எங்க ஊரு ஆளாக்கும்!” என்று நான் வள்ளத்திலிருந்து கத்தினேன்.

காற்றே இல்லாத அந்த நேரத்தில் பாய்க்கயிற்றை எதற்கு அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன் என்று பிறகு கேட்டார்கள். அழுகையை அடக்கத்தான், அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.