ஐந்தாவது ஏன்

என் அன்புத் தம்பிக்கு,

உன் அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் கை கால் சுகத்தோடு நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும் என்பது என் ஆசை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்பதைத் தனித்தாளில் எழுது. போன கடிதத்தில் முழங்காலையும் வீட்டுக் கூரையையும் ஒரே வரியில் எழுதிவிட்டாய், இரண்டில் எதை மாற்றப்போகிறீர்கள் என்று இரண்டு நாள் யோசித்தேன்.

முதலில் நல்ல செய்திகள். பெரிய மகளின் மூத்தவன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான், ஒரு வீட்டையே தூக்கி ஒரு விரல்கடை பிசகாமல் வைப்பானாம். அவன் தங்கை மருத்துவமனையில் ஊசி போடுகிறாள், அவள் போட்டால் குழந்தைகள் முடிந்த பிறகுதான் அழுகிறார்கள் என்று பெரிய டாக்டரே சொன்னாராம். சின்ன மகளின் பையன் நீளம் தாண்டுவதில் முதல், போன வருஷத்தைவிட ஒரு சாண் கூட. கடைக்குட்டி இந்த வருஷம் வகுப்பில் ஒரு தடவைகூட வெளியே நிற்கவில்லை, அது அவனுக்குச் சாதனைதான், சேர்த்துக்கொள். மகன் வயிற்றுப் பேத்தியைக் கடைசியில் எழுதுகிறேன், ஏனென்றால் அவளைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அவள் வேலை செய்யும் தொழிற்சாலையில் குழந்தைகளை எடை பார்க்கும் மின்தராசு செய்கிறார்கள் என்பது உனக்குத் தெரியும். அதில் அவள் செய்யும் வேலையைப் போன முறை "கெமிக்கல் பார்க்கிறாள்" என்று எழுதிவிட்டேன், அது சரியில்லை. ஈயம், பாதரசம், காட்மியம், ஒரு வகைக் குரோமியம், தீப்பிடிக்காமல் இருக்க பிளாஸ்டிக்கில் கலக்கும் சில சரக்குகள், ஒயரை வளையவைக்கிற சில எண்ணெய்கள், இவை எல்லாம் மின்சாமானுக்குள் இருக்கக் கூடாது, இருந்தாலும் இவ்வளவுக்கு மேல் கூடாது என்று சட்டம். சாமான் பழசாகிக் குப்பைக்குப் போனதும் அவை மண்ணில் இறங்கித் தண்ணீருக்கு வந்துவிடுமாம். ஒரு தராசில் இருநூறு உறுப்பு, இருநூறும் வெவ்வேறு ஆட்களிடமிருந்து வருகிறது. ஒவ்வொருவரும் எங்கள் சரக்கில் இது இல்லை என்று சோதனைத் தாளோடு கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அந்தத் தாள்களைப் படித்து, சந்தேகம் வந்தால் துப்பாக்கி போன்ற ஒரு கருவியைச் சரக்கின்மேல் வைத்து அழுத்தி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பவள் உன் பேத்தி. சரக்குக் கொடுப்பவர்கள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் ரிட்டர்ன் மேடம். ஒரு திருகாணிக்காரர் கொண்டுவந்த சோதனைத் தாளில் தேதி அவர் கம்பெனி தொடங்குவதற்கு இரண்டு வருஷம் முந்தியதாக இருந்ததாம். மேலாளர், "எல்லாரும் இப்படித்தாம்மா குடுக்கறாங்க, கண்டுக்காத" என்றாராம். "அப்ப எல்லாருக்கும்தான் சார் திருப்பி அனுப்பணும்" என்று இவள் சொன்னாளாம். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை, அந்த மேலாளரே ஒருநாள் வாசலில் நின்று என்னிடம் குறையாகச் சொன்னார். நான் அதைப் பாராட்டாகவே வாங்கிக்கொண்டேன்.

இப்போது கெட்ட செய்தி. என் மகனும் அவன் மகளும் பதினோரு நாளாகப் பேசுவதில்லை. அவன் முன்னறையில் ரேடியோ பழுது பார்ப்பதோடு, ஒரு வருஷமாக அந்தத் தொழிற்சாலைக்கு ஒயர்க் கட்டும் செய்து கொடுக்கிறான். ஆறு ஒயரைச் சேர்த்து முனையில் பற்றவைத்துக் கட்டினால் ஒரு கட்டு. பேத்தி சிபாரிசு செய்து வந்த வேலை இல்லை, அவள் அங்கே சேருவதற்கு முன்பே வாங்கிய வேலை. அவள் சேர்ந்ததும் முதல் காரியமாக முன்னறையை இரண்டாகப் பிரித்தாள். ஜன்னல் பக்கம் பச்சை நாடா ஒட்டிய மேசை, அதில் ஒயரைப் பற்றவைக்க ஈயம் கலக்காத சால்டர் கம்பி, அதை உருக்க ஒரு அயர்ன், அதற்கு ஒரு ஈரப்பஞ்சு. சுவர்ப் பக்கம் சிவப்பு நாடா மேசை, பழைய ரேடியோவுக்கு மட்டும், அதில் ஈயக் கலப்புக் கம்பி. இந்த மேசைச் சாமான் அந்த மேசைக்குப் போகக் கூடாது. "சொந்த வீட்டுல எனக்கு எல்லை போடறா பாருங்கம்மா" என்று மகன் முனகினாலும், யாராவது வந்தால் அந்த நாடாவைத்தான் முதலில் காட்டுவான்.

போன மாதம் அனுப்பிய முந்நூறு கட்டும் தொழிற்சாலை வண்டியிலேயே திரும்பி வந்தது. பெட்டியின்மேல் சிவப்புச் சீட்டு, அதில் ஈயம் இருக்கிறது என்று எழுதி, கீழே உன் பேத்தியின் கையெழுத்து. ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாத இடத்தில் நூற்றில் முப்பது இருந்ததாம். அன்று சாப்பிடும்போது மகன் தட்டைப் பார்த்துக்கொண்டே, "பெத்தவன் சரக்குன்னு தெரியலையா?" என்றான். அவள், "தெரிஞ்சதாலதான்பா ரெண்டு தடவ பார்த்தேன். மூணாவது தடவ நான் தொடல, வேற ஆளைப் பார்க்கச் சொன்னேன். அவருக்கும் அதேதான் வந்துச்சு" என்றாள். "வீட்டுக்கு வந்து காதுல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" "காதுல சொன்னா கட்டுல இருக்கற ஈயம் போயிடுமாப்பா?" அதோடு அவன் எழுந்து கை கழுவிவிட்டான். அன்றிலிருந்து, "உங்க பேத்திகிட்ட வெந்நீர் காஞ்சிடுச்சுன்னு சொல்லுங்க", "உங்க பிள்ளைகிட்ட போன் அடிக்குதுன்னு சொல்லுங்க பாட்டி." நான் நடுவில் தபால் நிலையமாக இருக்கிறேன். இருவரும் மூன்றடி தூரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. தவறு எப்படி நடந்தது என்று பதினைந்து நாளைக்குள் காரணம் எழுதித் தர வேண்டும், இல்லாவிட்டால் சரக்குக் கொடுப்பவர் பட்டியலிலிருந்து அவன் பெயரை எடுத்துவிடுவார்கள். அதற்கு ஒரு படிவம், அதில் ஐந்து ஏன் இருக்கிறது. ஏன் நடந்தது என்று எழுதினால், அது ஏன் என்று அடுத்த கட்டம் கேட்கும், அதற்கும் எழுதினால் அதுவும் ஏன் என்று கேட்கும், இப்படி ஐந்து. நம் அப்பாவே நம்மை ஒரு விஷயத்துக்கு மூன்று தடவைக்கு மேல் கேட்டதில்லை. மகன் முதல் ஏனுக்கு, கம்பியில் ஈயம் இருந்ததால் என்று எழுதினான். இரண்டாவதுக்கு, கம்பிக் கடைக்காரர் ஏமாற்றியதால் என்று எழுதி, அதைத் தபாலில் தொழிற்சாலைக்கு அனுப்பினான், அவள் எதிரே உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருக்கும்போதே. மூன்றாம் நாள் அது தபாலில் திரும்பி வந்தது. ஏமாற்றியதற்குச் சான்று இணைக்கவும் என்று அவள் கையெழுத்து. இவன் நேரே கம்பிக் கடைக்குப் போய், இருபது வருஷம் பழகிய மனிதரை நான்கு பேர் முன்னால் கேட்கக் கூடாததெல்லாம் கேட்டிருக்கிறான். அவர் அதே பெட்டியில் மிச்சமிருந்த சுருள் ஒன்றையும் சோதனைத் தாளையும் எடுத்துக் கொடுத்தாராம். தொழிற்சாலையில் கருவி வைத்துப் பார்த்ததில் அதில் ஈயம் துளியும் இல்லை. இப்போது அவர் வாசலில் இவனைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இரண்டாவது ஏனிலேயே வண்டி நிற்கிறது, இன்னும் நான்கு நாள்தான் பாக்கி.

தம்பி, இனி எழுதுவதை உன் மனைவிக்குக்கூடப் படித்துக் காட்டாதே. காரணம் எனக்குத் தெரியும். காரணம் நான்தான். போன மாதத் தொடக்கத்தில் மகன் வெளியே போயிருந்தபோது முன்னறையைத் துடைத்தேன். இங்கே ஒரு சுருளில் கொஞ்சம் கம்பி, அங்கே ஒரு சுருளில் கொஞ்சம் கம்பி. பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோலவே வெள்ளையாக இருந்தது. துண்டு நூல்களை முடிச்சுப் போட்டு ஒரே கண்டாகச் சுற்றுவது நமக்கு அம்மா பழக்கியதுதானே, அதே கையோடு சிவப்பு மேசையில் இருந்ததை அவிழ்த்துப் பச்சை மேசைச் சுருளின்மேல் நெருக்கமாக, ஒரு சுற்று மேலே ஒரு சுற்று ஏறாமல், சுற்றி வைத்துவிட்டேன். கடையில் சுற்றியதைவிட நன்றாக இருந்தது. மகன் வந்து பார்த்து, "புதுசு மாதிரி இருக்கே" என்றுகூடச் சொன்னான், நான் சந்தோஷப்பட்டேன். நாடா எதற்கு என்று அவள் எனக்கும்தான் சொல்லியிருந்தாள். மேசையைத்தான் கலக்கக் கூடாது, கம்பி என்ன செய்யும் என்று நினைத்துவிட்டேன்.

பெட்டி திரும்பி வந்த அன்றே எனக்குப் புரிந்துவிட்டது. அன்றே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் இந்த வீட்டில் நாற்பது வருஷமாக ஒரு பொருள் உடைந்தால், கருகினால், தொலைந்தால், யார் செய்தது என்று கேட்பவள் நான். கேட்கிற இடத்திலிருந்து எழுந்து பதில் சொல்கிற இடத்தில் போய் உட்காரக் கால் வரவில்லை. ஒவ்வொரு நாளும் சாப்பாடு முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று இருப்பேன், ஒருவர் எழுந்து போய்விடுவார், ஒருத்தியிடம் மட்டும் சொல்வது முறையில்லை என்று விட்டுவிடுவேன். நேற்று பேத்தி என் பக்கத்தில் வந்து படுத்து, "நான் செஞ்சது தப்பா பாட்டி?" என்று கேட்டாள். "தூங்கும்மா" என்றேன். தவறே செய்யாதவள் கேட்கிறாள், செய்தவள் தூங்கச் சொல்கிறேன்.

ஆகவே உன்னிடம் ஒரு உதவி கேட்கிறேன். நீ தாய்மாமன், நீ சொன்னால் அவன் தட்டமாட்டான். உனக்குத் தெரிந்த இடத்தில் இப்படித்தான் ஒரு தடவை நடந்தது என்றும், கம்பி நாள்பட்டால் அதுவாகவே ஈயமாகத் திரிந்துவிடும் என்றும் அவனுக்கு ஒரு கடிதம் எழுது. படித்தவன் எழுதுவதுபோல் நாலு பெரிய வார்த்தை போட்டு எழுது. மகளிடம் கோபம் வேண்டாம், கடைக்காரரிடம் போய் மன்னிப்புக் கேள் என்றும் சேர்த்துக்கொள். என் பேர் எங்கும் வரக் கூடாது. நான் இப்படி ஒரு காரியம் உன்னிடம் கேட்டதில்லை என்பது உனக்கே தெரியும்.

உன் மனைவிக்கு என் அன்பைச் சொல். பிள்ளைகள் எல்லோரும் நீண்ட ஆயுளோடும் நிறைந்த படிப்போடும் இருக்கட்டும். உன் முழங்காலுக்கும் என் ஆசி.

இப்படிக்கு,
உன் அக்கா.

பின்குறிப்பு: இதைப் பத்து நாள் கழித்து எழுதுகிறேன். மேலே எழுதியதை எழுதாததாக நினைத்துக்கொள். அந்தக் கடிதத்தை நீ எழுத வேண்டாம். உன் புதிய முகவரியை உறைமேல் எழுதச் சொல்லி மகனிடம் உறையை மட்டும் கொடுத்தேன் என்று நினைத்தேன், கடிதம் உள்ளேயே இருந்திருக்கிறது. படித்துவிட்டான். கோபிப்பான் என்று அடுப்படியிலேயே நின்றேன். அவன் வந்து ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, "கம்பி நாள்பட்டா ஈயமாத் திரியும்னு மாமா எழுதியிருந்தா, அதுக்கும் ஏன்னு அவ கேட்டிருப்பாம்மா" என்றான். பிறகு முன்னறைக்குப் போய், பதினோரு நாளைக்குப் பிறகு, "ஏம்மா, கொஞ்சம் இங்க வா. அந்தப் படிவத்த எடுத்துட்டு வா" என்று மகளைக் கூப்பிட்டான். இருவரும் பச்சை மேசையில் உட்கார்ந்து எழுதினார்கள். என்னையும் நாற்காலி போட்டு உட்காரவைத்து, சுருளை எப்படிச் சுற்றினேன் என்று செய்து காட்டச் சொன்னார்கள், காட்டினேன். கம்பியில் ஏன் ஈயம்? இரண்டு சுருளும் ஒன்றாகிவிட்டதால். ஏன் ஒன்றாயிற்று? வீட்டுப் பெரியவர் மிச்சத்தை வீணாக்கப் பொறுக்காததால். நான்காவது, அவரை ஏன் யாரும் தடுக்கவில்லை? இதுவரை யாரும் தடுத்துப் பழக்கமில்லாததால். ஐந்தாவது ஏனுக்கு மகன், "அவர் என் அம்மா" என்று எழுதினான். அந்த வரியை அடித்துவிடுவாள் என்று பார்த்தேன். அவள் அடிக்கவில்லை, "இது சரியான காரணம்தான்பா" என்றாள். மேலாளரும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டார், பெயர் பட்டியலிலேயே இருக்கிறது. மகன் கடைக்காரர் வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தான், நானும் கூடப் போனேன்.

இனி நடக்காமல் இருக்க என்ன செய்தீர்கள் என்று படிவத்தின் கடைசியில் ஒரு கட்டம். அதற்காகக் கம்பிப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டு, சுவரில் ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள். கம்பியைத் தொடலாம் என்பதன் கீழே மகன் படம். தொடக் கூடாது என்பதன் கீழே நான் ஒருத்திதான். சரக்குப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் அந்தப் பலகையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அதில் ஒட்டியிருப்பது ரேஷன் அட்டைப் படம், திருடியைப் பிடித்து நிறுத்தியதுபோல் இருக்கிறது. போன தடவை நீ வந்தபோது உன் மகன் என்னைக் கண்ணாடியோடு நாற்காலியில் உட்காரவைத்து எடுத்தானே, அதைப் பெரிதாகப் போட்டு உடனே தபாலில் அனுப்பு.