லினக்ஸ் யாரு?

"அடியிலயும் பாத்தனீரோ?" என்று கேட்டார் கணவர் யோகலிங்கம்.

"பாத்தனான். காத்துப் போற ஓட்டைதான் இருக்கு," என்றாள் குணேஸ்வரி.

மேசையில் கிடந்த மடிக்கணினி ஒரு தடித்த அப்பியாசக் கொப்பியின் அளவுதான் இருக்கும். அதை அவள் நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டாள். கையிலிருந்த சீடியை நுழைப்பதற்கு எங்கேயும் வழியில்லை. கணினிச் சஞ்சிகை ஒன்றோடு இலவசமாக வந்த சீடி அது. அதன் மேல் கொழுத்த பென்குயின் ஒன்று சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"சீடி போற இடமே இதில வைக்கேல்லையப்பா."

"அப்ப அந்த லினக்ஸ விட்டுத்தள்ளுமன்."

"விட ஏலாது. திங்கட்கிழமை காட்டோணும்."

எல்லாம் அன்று காலை நகரத்தில், ஓர்ஸ் ஹில்லில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் தொடங்கியது. ஆசிரியர்களுக்கென்று அங்கே ஒரு கணினி நிலையம் திறக்கப்போவதாகவும் அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆசிரியர் தேவை என்றும் கல்விப் பணிப்பாளர் ஜவாஹிர் அறிவித்தார். நன்கொடையாக வந்திருந்த கணினிகள் எல்லாம் விண்டோஸில் அல்ல, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் ஓடுபவையாம். "லினக்ஸ் பாவிச்சவங்க யாரும் இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். ஒருவரும் கை உயர்த்தவில்லை. சுற்றி வந்த அவருடைய பார்வை, குணேஸ்வரியின் மடியிலிருந்த அந்தச் சின்னக் கணினியில் வந்து நின்றது.

"என்ர மெஷினில லினக்ஸ்தான் சேர்," என்றாள் குணேஸ்வரி.

சொன்ன பிறகுதான் அது தன் வாயிலிருந்து வந்தது என்று அவளுக்கு உறைத்தது. லினக்ஸ் என்ற சொல்லைப் பத்திரிகையில் பார்த்ததோடு சரி.

"நல்லதாப் போச்சு! திங்கட்கிழமை கொண்டுவந்து எனக்கு ஒருக்காக் காட்டுங்க. நிலையத்த உங்கட பொறுப்பிலயே விடலாம்," என்றார் பணிப்பாளர்.

அவளுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. ஆனால் அது இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு, யுத்த காலம். சாம்பல்தீவிலிருந்து திரியாய்ப் பள்ளிக்கூடத்துக்கு அவள் தினமும் பஸ்ஸில் போய்வந்தாள். சோதனைச் சாவடிக்குச் சாவடி இறங்கி, பையைத் திறந்து, சோற்றுப் பார்சலையும் திறந்து காட்டி, மறுபடி ஏற வேண்டும். திடீரென்று பாதையை மூடினால் பள்ளிக்கூடத்திலேயே தங்க வேண்டியதுதான். அப்படியான நாட்களில் யோகலிங்கம் சாப்பிடாமல் வீட்டுக் கேற்றடியிலேயே நிற்பார். ஓர்ஸ் ஹில் என்றால் துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிற அவருடைய மோட்டார் சைக்கிளிலேயே போய், அதிலேயே திரும்பி வரலாம்.

கணினி, டோஹாவில் வேலை செய்யும் தம்பி குலேந்திரன் அனுப்பியது. திறந்தால் பெரிய பெரிய படங்கள் வரும். ஒன்றை அழுத்தினால் எழுதலாம், இன்னொன்றை அழுத்தினால் பாட்டுக் கேட்கலாம். இரண்டு மாதமாக அதில்தான் பரீட்சை வினாத்தாள் அடித்துக்கொண்டிருந்தாள். அதற்குள் இருப்பது என்ன என்று அவள் யோசித்ததேயில்லை. கணினி என்றால் விண்டோஸ்; அதில் யோசிக்க என்ன இருக்கிறது?

மறுநாள் சனிக்கிழமை காலை கணினியை எடுத்துக்கொண்டு ரவுனுக்கு, நகரத்துக் கடைத்தெருவில் இருந்த பாயிஸின் கடைக்குப் போனாள். பாயிஸ் போட்டோக்கொப்பி அடிப்பான், போன் ரீலோட் கார்ட் விற்பான், மிச்ச நேரத்தில் கணினி திருத்துவான். திரையைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது.

"டீச்சர், இது எவ்வளவு நாளா இப்பிடி?"

"எப்பிடி?"

"ஸ்டார்ட் பட்டனக் காணல்லையே. வைரஸ் திண்டிருக்கு. நான் எத்தனையோ வைரஸ் பாத்திரிக்கன், பட்டனையே முழுங்கினத இப்பதான் பாக்கன்."

குணேஸ்வரி கணினியைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள். இரண்டு மாதமாக வைரஸோடா வினாத்தாள் அடித்தோம்?

சீடியை நீட்டி, லினக்ஸ் போட வேண்டும் என்றாள். சீடி போட இடம் இல்லாவிட்டால் பென் டிரைவ் போதும் என்றான் பாயிஸ். சீடியில் இருந்ததை அப்படியே ஒரு பென்னுக்கு மாற்றிச் செருகினான். கணினி அதைக் கண்டுகொள்ளாமல் வழக்கமான படங்களையே காட்டியது. கழற்றிச் செருகினான். பிறகு ஊதிச் செருகினான்.

"வைரஸ்தான் விடுதில்ல. உள்ளுக்குக் கிடக்கிற விண்டோஸ முழுசா அழிச்சாத்தான் லினக்ஸ் ஏறும். அழிக்கவா?"

"அழிச்சா மெஷினுக்கு ஒண்டும் ஆகாதோ?"

"சுத்தமாயிரும் டீச்சர்."

அழிப்பதற்கென்றே வைத்திருந்த வேறொரு பென்னைச் செருகி எல்லாவற்றையும் அழித்தான். அவன் சொன்னபடியே மிகவும் சுத்தமாகிவிட்டது. கறுப்புத் திரை. மூலையில் வெள்ளைக் கோடு ஒன்று மினுங்கி மினுங்கி மறைந்தது. வேறொன்றும் இல்லை. லினக்ஸ் பென்னைச் செருகினாலும் அதே கோடுதான்.

பாயிஸ் கொழும்பில் கணினி படிக்கும் மச்சானுக்குப் போன் எடுத்தான். சும்மா மாற்றினால் போதாது, அதற்கென்று ஒரு புரோகிராமை இன்டர்நெட்டில் இறக்கித்தான் பென்னைத் தயார்பண்ண வேண்டும் என்று தெரியவந்தது. கடையின் இன்டர்நெட் இருந்த வேகத்துக்கு அது விடியத்தான் இறங்கும்.

"நாளைக்கு வாங்க டீச்சர். பயப்படாதீங்க. பாதி வேல முடிஞ்சி."

"எந்தப் பாதி?"

"அழிக்கிற பாதி."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். கடற்படைக்காரன் ஒருவன் பையைத் திறந்து கணினியை எடுத்தான். ரவுனுக்குப் போகும்போதெல்லாம் பார்க்கிற முகம்தான். ஆனாலும் முறை முறைதான்.

"ஒன் பண்ணு," என்றான் தெரிந்த தமிழில். கணினி கணினிதான் என்று காட்டுவதற்குத் திறந்து காட்ட வேண்டும்.

குணேஸ்வரி பொத்தானை அழுத்தினாள். கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடு மினுங்கத் தொடங்கியது. கடற்படைக்காரன் ஓரடி பின்னுக்குப் போனான்.

"இது ஏன் மினுங்குது?"

"உள்ளுக்கு இருந்ததை அழிச்சாச்சு."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று அவளுக்கு உடனேயே விளங்கியது.

"அழிச்சது? ஏன் அழிச்சது?"

"லினக்ஸுக்காக."

"லினக்ஸ் யாரு?"

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் ஜன்னலால் எட்டிப் பார்த்தார்கள். லினக்ஸ் யார் என்று அவர்களும் அறிய விரும்பியதுபோல் இருந்தது.

"ஆள் இல்ல. பென்குயின்," என்றாள் குணேஸ்வரி. அது நிலைமையைச் சீராக்கவில்லை.

பஸ் போய்விட்டது. அவளைப் பரிசோதனைக் கொட்டிலில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருத்தினார்கள். கணினியை மூடவும் விடவில்லை. கோடு மினுங்குவது நிற்கிறதா பார்க்கலாம் என்று திறந்தபடியே மணல் மூட்டையில் வைத்தார்கள். ஒருவன் குடிக்கத் தண்ணீர் கொடுத்தான். அவள் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, திரியாய்ச் சாவடிகளில் இதுவரை தன்னை ஒருநாளும் இருத்தியதில்லை என்பதை நினைத்துக்கொண்டாள். கடைசியில் யோகலிங்கம் செய்தி கேட்டுத் துறைமுக அடையாள அட்டையோடு வந்து, இது தன் மனைவி, அது கணினி, இரண்டுக்கும் தானே பொறுப்பு என்று சொன்ன பிறகுதான் விட்டார்கள். அதற்குள் பற்றரி தீர்ந்து, கோடு தானாகவே நின்றுவிட்டிருந்தது.

"திங்கட்கிழமை போய், சொன்னது பொய் சேர் எண்டு சொல்லிப்போடும்," என்றார் யோகலிங்கம் மோட்டார் சைக்கிளை ஓட்டியபடி. "அவர் நல்ல மனுசன்."

"நல்ல மனுசரிட்டத்தான் சொல்ல வெக்கம்."

சாம்பல்தீவில் அன்று கரண்ட் இல்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலை பற்றரி வெறுமையாகவே கணினி பாயிஸின் கடைக்குப் போனது. இந்தமுறை யோகலிங்கமும் கூட வந்தார். பென் தயாராக இருந்தது. பாயிஸ் பிஸ்மி சொல்லிச் செருகினான். திரையில் வெளிச்சம் வந்தது. எந்த மொழி என்று கணினி கேட்டது. பட்டியலில் தமிழைக் கண்டதும் மூவருக்கும் ஒரே சந்தோசம். தமிழையே அழுத்தினார்கள். நீலப் பட்டை ஒன்று மெல்ல மெல்ல நகர்ந்து பாதி தாண்டியபோது ரவுன் முழுவதும் கரண்ட் நின்றது; பற்றரியில் போதிய சார்ஜ் இல்லாமல் கணினியும் அணைந்தது.

மறுபடி கரண்ட் வருமா என்று பார்த்துப் பார்த்து மத்தியானமாகிவிட்டது. வரவில்லை.

பக்கத்துக் கூல் பாரில் மட்டும் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பாயிஸ் போய்க் கேட்டான். "வாறவங்களுக்குத்தான் கதிர. சாப்பிட்டா இருக்கலாம், பிளக்கும் தரலாம்," என்றார் முதலாளி. ஐஸ்கிரீம் பெட்டிக்கு அருகில் கணினியை வைத்து மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். நீலப் பட்டை கொஞ்சம் நகரும், முதலாளி எட்டிப் பார்ப்பார், ஒருவர் ஐஸ்கிரீம் சொல்வார். பட்டை பாதிக்கு வந்தபோது யோகலிங்கத்துக்குப் பல் கூசியது. முக்கால்வாசியில் பாயிஸுக்குத் தொண்டை கட்டியது. மிச்சத்தைக் குணேஸ்வரி தனியாகச் சாப்பிட்டு முடித்தாள்.

கணினி ஒருமுறை அணைந்து எழும்பியது. ஒரு சின்ன இசை கேட்டது. லினக்ஸ் வந்துவிட்டது, அதுவும் தமிழில். மூவரும் குனிந்து வாசித்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

"முனையம் எண்டு ஒண்டு கிடக்கு," என்றார் யோகலிங்கம். "முனையம் துறைமுகத்திலயெல்லோ இருக்கு?"

"டீச்சர், இஞ்ச பாருங்க, சாளரங்கள். லினக்ஸுக்குள்ளயும் விண்டோஸ் இரிக்கி," என்றான் பாயிஸ் கட்டிய தொண்டையால்.

வீட்டுக்கு வந்த குணேஸ்வரி ஒவ்வொரு சொல்லாகத் திறந்து பார்த்து, இருட்டுவதற்குள் எது எங்கே இருக்கிறது என்று பிடித்துக்கொண்டாள். வழியில் சாவடியில் அந்தக் கடற்படைக்காரன் திரையைப் பார்த்துவிட்டு, "இதுதான் லினக்ஸ்?" என்று கேட்டுத் தலையாட்டியிருந்தான். அது அவளுக்கு ஒரு தைரியத்தைக் கொடுத்தது.

திங்கட்கிழமை பணிப்பாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். குணேஸ்வரி எழுதிக் காட்டினாள், கணக்குப் போட்டுக் காட்டினாள். அவருடைய விரல் சாளரங்களில் வந்து நின்றது.

"இது விண்டோஸ்தானே?"

அவள் திரையை எட்டிப் பார்த்தாள். "இல்ல சேர். இது சும்மா ஜன்னல்."

அவர் மற்றச் சொற்களையும் விரலால் தொட்டு வாசித்தார். பிறகு முகம் மலர்ந்தது. "எல்லாம் தமிழிலயே இருக்கே! எங்கட ஆக்களுக்கு இத விட என்ன வேணும்? அடுத்த மாசமே இஞ்ச வந்து நிலையத்தப் பாரம் எடுங்க டீச்சர். நாலு வருசமாத் திரியாய்க்கு ஓடினது போதும்."

வெளியே வந்து யோகலிங்கத்திடம் சொன்னாள். அவர் மோட்டார் சைக்கிளின் பின்பக்க இருக்கையைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டார். அவர் அதைத் துடைத்து அவள் முன்பு பார்த்ததில்லை.

அன்று பின்னேரம் குணேஸ்வரிக்கு மனம் காற்றைப்போல் இருந்தது. சொன்ன பொய்யைப் பாடுபட்டு உண்மையாக்கிவிட்டாள். இனி யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை. ஒரேயொரு ஆளைத் தவிர. அவள் டோஹாவுக்குப் போன் எடுத்தாள்.

"தம்பி, நீ அனுப்பின மெஷினாலதான் எனக்கு ஓர்ஸ் ஹில்லில இடம் கிடைச்சது. ஆனா நீ கோவிக்கக் கூடாது. அதுக்குள்ள இருந்த விண்டோஸ முழுசா அழிச்சுப்போட்டு லினக்ஸ் போட்டுட்டன்."

மறுபக்கத்தில் குலேந்திரன் குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, நீங்கள்தான் கோவிக்கக் கூடாது. விண்டோஸ் போட்ட மெஷின் எல்லாம் கடையில முடிஞ்சு போச்சு, உங்களிட்டச் சொல்லப் பயந்துபோய்ப் பேசாம இருந்திட்டன். நான் வாங்கி அனுப்பினது லினக்ஸ் போட்ட மெஷின்தான்."