நிதானம் பள்ளியின் சாய்ந்த எழுத்து

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம், வண்டிதான் நலமில்லை. நீங்கள் சொந்தமாக வரைந்து அனுப்பிய புது எழுத்துருவில் 'நிதானம் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி' என்று பயிற்சிக் காரின் இரண்டு பக்கமும் ஒட்டியாயிற்று. அழகில் குறை சொன்னால் என் வாய் அழுகிப்போகும். ஒவ்வொரு எழுத்தும் தடியாக, நெருக்கமாக, உயரமாக நிற்கிறது. "தடியும் ஒல்லியும் எப்படிங்க ஒரே உடம்புல இருக்கும்?" என்று உங்கள் அத்தை கேட்டாள். பழைய எழுத்தில் 'பள்ளி' பின்சக்கரத்துக்கு மேலே போய்த் தொங்கும். இப்போது முழுப் பெயரும் ஒரே கதவில் அடங்கிவிட்டது, தெருமுனையிலிருந்தே படிக்கவும் முடிகிறது.

தொல்லை அந்தச் சாய்வில்தான். எழுத்தெல்லாம் வலப்பக்கம் சாய்ந்து ஓடுகிறதல்லவா, வலது கதவில் அது வண்டியின் முகத்தைப் பார்த்துப் பாய்கிறது, அதைப் பார்த்த மோட்டார் சைக்கிள் பையன்கள் பந்தயம் என்று நினைத்துப் பக்கத்தில் வந்து உறுமுகிறார்கள், நான் கண்ணாடியை இறக்கி "தம்பி, இது கத்துக்கிற வண்டிப்பா" என்றால் "தெரியுது சார், எவ்வளவு ஸ்பீடு போகும்?" என்கிறான் ஒருவன்; இடது கதவிலோ அதே எழுத்து வண்டியின் வால் பக்கம் சாய்ந்து கிடக்கிறது, நடைபாதையில் நிற்பவர்கள் வண்டி பின்னால் வருகிறது என்று பதறி விலகுகிறார்கள். ஒட்ட வந்தவரிடம், "இந்தப் பக்கம் மட்டும் திருப்பி ஒட்டக்கூடாதா?" என்று கேட்டுப் பார்த்தேன். "ஒட்டலாம் சார், கண்ணாடியிலதான் படிக்கணும்" என்றார்.

சிரிக்காதீர்கள். இப்போது இருப்பது ஒரே மாணவி, வங்கியில் வேலை பார்க்கும் அம்மா. மூன்றாவது கியருக்கே கும்பிடு போடுகிறவர். போன திங்கட்கிழமை ஒருவன் பக்கத்தில் வந்து உறுமியதும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார். அதன்பிறகு ஆளைக் காணோம். அவரும் நின்றுவிட்டால் பள்ளியை மூட வேண்டியதுதான். வீட்டில் சும்மா உட்கார எனக்கு வராது, நான் உட்கார்ந்தால் உங்கள் அத்தைக்கும் தாங்காது. உண்மையைச் சொன்னால் பயமாகத்தான் இருக்கிறது. ஆகவே மனம் கோணாமல் அதே எழுத்தை நிமிர்த்தி, கொஞ்சம் அகலமாக்கி, சாவகாசமாக உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒன்று வரைந்து அனுப்புங்கள். என் மகளுக்குத் தெரிய வேண்டாம்; உங்கள் வேலையில் குறை கண்டேன் என்று மாசக்கணக்கில் என்னோடு பேசமாட்டாள்.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல், யார் கண்ணும் படாமல் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மாமா

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் அந்த வங்கி அம்மா வாசலில் வந்து நிற்கிறார். கூடவே அவருடைய அலுவலகத்திலிருந்து இரண்டு பேர், பள்ளியில் சேர. எழுத்தை மாற்றப்போகிறேன் என்றேன். "லீவு போட்டு ஊருக்குப் போயிருந்தேன் சார். முன்னெல்லாம் நான் மெதுவா போனா, பின்னாடி ஹாரன் அடிச்சே கொன்னுடுவாங்க. இப்ப எழுத்தைப் பார்த்துட்டு, பாயற வண்டின்னு பயந்து பாதிப் பேர் தானா ஒதுங்கிடறாங்க. அந்தப் பந்தயக்காரப் பசங்களை நான் பாத்துக்கறேன். எழுத்து மேல மட்டும் கை வெச்சீங்கன்னா நான் வரமாட்டேன், சொல்லிட்டேன்" என்கிறார். ஆகவே மேலே எழுதியது எதையும் நீங்கள் படிக்கவில்லை, மாப்பிள்ளை. பின்கண்ணாடிக்கும் ஒன்று தேவைப்படுகிறது. முடிந்தால் இன்னும் கொஞ்சம் சாய்த்தே அனுப்புங்கள்.