அப்பாவின் தலைமாட்டு நோனி

நெய்யாஃபு, வவாவுத் தீவு
புதன்

மதிப்பிற்குரிய சேய்னி அத்தைக்கு,

இன்னொரு புதன்கிழமை வரை நம் எல்லோரையும் கொண்டுவந்து சேர்த்த கடவுளுக்கு நன்றி. ஆக்லாந்துக் குளிரில் உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே அம்மா நலம். பன்றிகள் நலம். என் வாய்தான் இந்தக் கடிதத்துக்குக் காரணம்.

எனக்கு மாதம் தவறாமல் வாய்ப்புண் வருவது உங்களுக்குத் தெரியும். உதட்டின் உள்ளே, நாக்கின் ஓரத்தில், எறும்பு முட்டை போல. அப்பாவுக்கும் வந்தது. இந்த ஞாயிறு, தேவாலயத்தில் அப்பா நின்று பேசிய இடத்தில் முதன்முறையாக நான் பிரசங்கம் செய்ய வேண்டும். நீங்களும் வருகிறீர்கள். அந்தப் பயத்தில் போன மாதமே டாக்டர் அமனாகியிடம் போனேன்.

"உடம்புக்குள்ள துரு மாதிரி ஒண்ணு நடக்குது, தம்பி. அதைத் தடுக்கிற சத்துக்குப் பேர் ஆன்டிஆக்சிடன்ட். அடிக்கடி வாய்ப்புண் வர்றவங்களுக்கு அது கம்மியா இருக்குன்னு சில ஆய்வு சொல்லுது. சாப்பிட்டா சரியாயிடும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். பழம் சாப்பிடு."

"எந்தப் பழம்?"

"வீட்டுல எது சும்மா கிடைக்குதோ அது."

சும்மா கிடைத்தது நோனி. அப்பாவின் கல்லறையில், தலைமாட்டில், தானாக முளைத்து மூன்று வருடத்தில் என் உயரம் வந்த மரம். பழங்களை ஜாடியில் அடைத்து வெயிலில் வைத்தேன். வடிந்த சாற்றில் தினமும் காலையில் ஒரு மடக்கு. புண்ணில் பட்டதும் கண்ணுக்குள் பூச்சி பறந்தது. நாற்றம் தாங்காமல் போதகர் மூன்று பெஞ்ச் தள்ளி உட்கார்ந்தார். "ஃபெலேதி, உன் விசுவாசம் தூரத்துலேயே தெரியுதுப்பா" என்றார். ஆனால் புண் ஆறியது. புதிதாக வரவும் இல்லை.

வேறொன்று வந்தது. எங்கள் நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் அப்பா மட்டும்தான். திங்களன்று நான் வாசலில் நின்று "கிழட்டு பிஷப்" என்றேன். அது ஓடி வந்தது. என்னைத் தாண்டிப் போய், எனக்குப் பின்னால் நிமிர்ந்து பார்த்து வாலாட்டியது. அன்று சாப்பாட்டில் அம்மாவைப் பெயர் சொல்லி, "லெசியெலி, உப்பு கம்மி" என்றேன். அம்மா கிண்ணத்தை நீட்டிவிட்டார். பிறகுதான் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"எந்த மரத்துப் பழச்சாறுடா குடிக்கறே?"

சொன்னேன்.

"உங்கப்பா உயிரோட இருந்தப்ப அவர் தட்டுல மிச்சம் வெச்சதைத் தொட்டிருப்பியா? அவர் தலையைத் தொட்டிருப்பியா? பிள்ளைங்க தொடக் கூடாதே. இப்போ அந்தத் தலையில வேர் விட்டதைப் பிழிஞ்சு குடிச்சிருக்கே. பல்கலைக்கழகத்துல இதான் சொல்லிக் குடுத்தாங்களா?"

"அம்மா, அது ஆன்டிஆக்சிடன்ட்."

"அது உங்கப்பன்டா."

குழியைத் திறந்து, எலும்பில் ஏறிய வேரை வெட்டி, எண்ணெய் பூசி மூட வேண்டும், அப்போதுதான் அப்பா என்னை விட்டுப் போவார் என்கிறார் அம்மா. அப்பாவின் அக்கா நீங்கள். உங்கள் சொல் இல்லாமல் யாரும் மண்வெட்டி எடுக்க மாட்டார்கள். வேரை வெட்டினால் மரம் பட்டுப்போகும். சாறு இல்லை. ஞாயிறன்று என்னால் வாய் திறக்க முடியாமல் போகலாம். வெட்டாவிட்டால் வாய் திறக்கும். பேசுவது யார் என்பதுதான் தெரியவில்லை.

நேற்று பிரசங்கத்தை எழுதி முடித்தேன். நன்றாக இருக்கிறது. ஏற்கெனவே கேட்டது போலவும் இருக்கிறது.

அத்தை, தயவுசெய்து வெட்டச் சொல்லுங்கள். என் புண்ணோடு, என் திக்கலோடு, நானே பேசிக்கொள்கிறேன். கடிதத்தை நாளை விமானம் ஏறுபவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்; கிடைத்ததும் ஃபோனில் ஒரு வார்த்தை போதும்.

உங்கள் பயணம் நல்லபடியாக அமையட்டும். அம்மாவின் அன்பும், பன்றிகளின் மரியாதையும்.

கீழ்ப்படிதலுள்ள,
ஃபெலேதி

பி.கு.: அக்கா, பையன் மேலே எழுதினதை விட்டுடுங்க. மண்வெட்டியெல்லாம் வேணாம். நான் உயிரோட இருந்தவரைக்கும் ஒரே அறையில உங்ககூட உட்கார்ந்து பேச முடியலை, அக்காவும் தம்பியும் அப்படி உட்காரக் கூடாதுங்கறது நம்ம வழக்கம். இப்போ தடை இல்லை. ஞாயித்துக்கிழமை முன்வரிசையில உட்காருங்க. உங்களுக்கும் சின்ன வயசிலேர்ந்து வாய்ப்புண் வருமே; ஒரு பாட்டில் தனியா எடுத்து வெச்சிருக்கேன்.