கைலிக்குள் மடிக்கணினி

கடையின் குளிர்காற்றில் நின்று வாங்குகிற எந்தப் பொருளும் வெயிலில் தன் சுயரூபத்தைக் காட்டாமல் விடாது. செருப்பு, குடை, பட்டுப்புடவை எல்லாமே அப்படித்தான். (மாப்பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளலாம். என் கணவர் பாஸ்கரன் இதைப் படிக்கமாட்டார் என்ற தைரியம்தான்.) எனக்கு இது தெரியவந்தது ஒரு மடிக்கணினியால். அதுவும் ஒரு தோட்டத்துத் திடலில், உச்சி வெயிலில், ஜனம் கூடி நிற்கும்போது.

அப்போது நான் கோலாலம்பூருக்குப் பக்கத்தில், ராவாங்கில், ஒரு பேக்கிங் தொழிற்சாலையில் தொழிலாளர்களின் வருகைப் பதிவைப் பார்க்கும் குமாஸ்தா. அங்கே மேற்பார்வையாளர் வேலை ஒன்று காலியானது. நான் வேலை சொல்லிக்கொடுத்த இரண்டு பேர் ஏற்கெனவே என்னைத் தாண்டி மேலே போய், "மாலதி, அந்த ஃபைல் எங்க?" என்று என்னிடமே அதிகாரம் செய்துகொண்டிருந்தார்கள். இந்த முறை விடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு மனுப் போட்டேன். நேர்காணலுக்கு நாள் குறித்தார்கள். அது நானும் அண்ணியும் வெகுநாளாகத் திட்டம் போட்டிருந்த சைக்கிள் பயணத்தின் முதல் நாள்.

"ஆன்லைன்லதான் மாலதி. எங்க இருந்தாலும் பேசலாம். ஸ்லைடு மட்டும் காட்டணும்," என்றார் எங்கள் உற்பத்தி மேலாளர் நடேசன். 'எங்கே இருந்தாலும்' என்பதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

அண்ணி என்றால் என் அண்ணன் மனைவி சாரதா. கையுறைத் தொழிற்சாலையில் வேலை. தினமும் சைக்கிளில்தான் போய்வருவார். முன்னால் கூடை வைத்த பழைய இரும்புச் சைக்கிள். அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், ஓட்ட அண்ணி ஒருவர் போதும். கோலா சிலாங்கூரிலிருந்து கடலோரமாகவே மிதித்து பாகான் நக்கோடா ஓமார் போய், படகிலிருந்து இறங்குகிற மீனை வாங்கி, தன் கையால் குழம்பு வைத்துச் சாப்பிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்காக ரைஸ் குக்கரையே கூடையில் வைத்துக் கட்டியிருந்தார். கீறல் விழுந்த கைப்பேசியை பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் கொடுத்த பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் செருகியதும் அவருடைய தொழில்நுட்ப ஏற்பாடுகள் முடிந்தன. எனக்கு அண்ணியை மிகவும் பிடிக்கும். எதற்கும் அலட்டிக்கொள்ளாத மனுஷி.

நானோ அலட்டிக்கொள்வதையே முழுநேரத் தொழிலாக வைத்திருந்தேன். ஸ்லைடு காட்ட என்ன கருவி எடுத்துப் போவது? கைப்பேசித் திரை போதாது. அலுவலக மடிக்கணினி அம்மிக்கல். டேப்லெட் வாங்கலாம் என்றால் அதற்குத் தனியாகக் கீபோர்டு, அதற்கு ஓர் உறை, அதற்கு ஒரு சார்ஜர் என்று குடும்பமே கூட வரும். இரவெல்லாம் யூடியூப்பில் சைக்கிள் பயணிகளின் சிபாரிசுகளைப் பார்த்தேன். எல்லாரும் தாடி வைத்த வெள்ளைக்காரர்கள். எடை குறைவாக இருக்க வேண்டும், உள்ளே காற்றாடி இல்லாமல் சத்தமில்லாமல் இருக்க வேண்டும், திரை பளபளவென்று இருக்க வேண்டும் என்றார்கள். அவர்களுக்குப் பின்னால் பனி கொட்டிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவே இல்லை.

சமையலறைத் தராசில் மடிக்கணினியின் எடைக்குச் சமமாக மாவைக் கொட்டி, அந்தப் பொட்டலத்தைச் சைக்கிளில் கட்டி ஒத்திகை ஓட்டினேன். எடையைக் குறைக்க டூத்பிரஷைப் பாதியாக வெட்டினேன். சீப்பிலும் கை வைத்தபோதுதான் பாஸ்கரன் வாயைத் திறந்தார்.

"நீ சைக்கிளுக்குக் கம்ப்யூட்டர் வாங்குறியா, இல்ல கம்ப்யூட்டருக்கு சைக்கிள் வாங்குறியா?"

"உங்களுக்கு இதெல்லாம் புரியாதுலா," என்றேன். எனக்குப் புரிந்திருந்தது என்பது போல.

கடைசியில் வாங்கியது ஒரு வெள்ளி நிற மடிக்கணினி. பார்க்க அப்படி ஓர் அழகு. ஒரு விரலில் தூக்கலாம். கடைவிளக்கில் அதன் திரை குளத்துத் தண்ணீர் மாதிரி பளிச்சென்று இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்த அண்ணி, "நல்லாதான் இருக்கு. சூடான பாத்திரம் கீழ வைக்கலாமா?" என்று மட்டும் கேட்டார்.

பயண நாள் வந்தது. கோலா சிலாங்கூரில் விடியற்காலையிலேயே மிதிக்க ஆரம்பித்துவிட்டோம். பதினொரு மணி நேர்காணலுக்கு முன்னால் சுங்கை புரோங்கில் வயல் பக்கமாக எடுத்திருந்த அறைக்குப் போய், முகம் கழுவி, மேசைமேல் கணினியை வைத்து உட்கார வேண்டும் என்பது திட்டம். பெரிய ரோட்டில் லோரிகள் உரசிக்கொண்டு போனதால் அண்ணி ஒரு தோட்டத்துச் சாலைக்குள் வண்டியைத் திருப்பினார். செம்பனை மரங்களுக்கு நடுவில் நல்ல நிழல். அங்கேதான் என் சைக்கிளின் டயரில் முள் ஏறியது. (மெல்லிய டயர். அதுவும் எடை பார்த்து வாங்கியதுதான்.)

தள்ளிக்கொண்டே போய் வீடுகள் இருந்த இடத்தை அடைந்தபோது பதினொன்றாகச் சில நிமிடங்களே இருந்தன. கைப்பேசியில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. கோயில் வாசலில் நின்ற ஒருவரிடம் ஓடினேன்.

"அண்ணே, இங்க லைன் எங்க கிடைக்கும்?"

"லைன்லதானம்மா நிக்கிற," என்று அவர் தொழிலாளர் வீட்டு வரிசையைக் கையால் காட்டினார். நான் கைப்பேசியை ஆட்டிக் காட்டிய பிறகுதான் விஷயம் புரிந்தது. "ஓ, அந்த லைனா? திடலுக்கு நடுவுல போய் நில்லு. அங்கதான் பசங்க நிப்பானுங்க."

திடல் நடுவில் ஒரு சிமெண்டு மேடை இருந்தது. நிழல் என்ற பேச்சுக்கே இடமில்லை. சம்மணம் போட்டு உட்கார்ந்து, காதில் இயர்போனைச் செருகி, கைப்பேசியிலிருந்து இணைப்பைக் கொடுத்து, கணினியைத் திறந்தேன். என் முகம் தெரிந்தது. மேகம் தெரிந்தது. ஒரு காக்கை பறந்து போனதும் தெளிவாகத் தெரிந்தது. ஸ்லைடு மட்டும் தெரியவில்லை. எடை பார்த்தேன், சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கும் என்று பார்த்தேன், நிறம்கூடப் பார்த்தேன். வெயிலில் கண்ணுக்குத் தெரியுமா என்று பார்க்க மட்டும் தோன்றவில்லை.

"அண்ணி! ஒண்ணுமே தெரியல அண்ணி!"

அண்ணி பதறவில்லை. தன் பையிலிருந்து குளிக்கக் கட்டுகிற பூப்போட்ட பாத்தேக் கைலியை உருவி, என்னையும் கணினியையும் சேர்த்துத் தலையோடு மூடினார். உள்ளே இருட்டானது. திரை உயிர் பெற்றது. முதலாளி, மனிதவளப் பிரிவுப் பெண்மணி, நடேசன் மூன்று பேரும் எட்டிப் பார்த்தார்கள். அவர்கள் கண்ணுக்கு நான் கீழிருந்து வெளிச்சம் அடிக்கப்பட்டு, வியர்வை சொட்ட, குகைக்குள்ளிருந்து பேசுபவளாகத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் மூவரும் நாகரிகமானவர்கள். ஒன்றும் கேட்காமல் ஆரம்பித்துவிட்டார்கள்.

வெளியே நடந்ததை அண்ணி பிறகு எனக்குச் சொன்னார். அலுக்காமல் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மோட்டாரில் போன ஒரு பெண் நிறுத்தி, "அந்தப் புள்ளைக்கு என்னா?" என்று கேட்டிருக்கிறார். தலைமேல் துணியைப் போர்த்திக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருக்கிறேன். பார்த்தால் சளிக்கு ஆவி பிடிப்பது போலவேதான் இருந்திருக்கும். அண்ணி வாயில் வடை. நேர்காணல், ஸ்லைடு, வெயில் என்று விளக்கச் சோம்பல்பட்டு, விளையாட்டாக, "ஆவி புடிக்கிறா," என்றார்.

மோட்டார் இரைச்சலில் அந்தப் பெண்ணின் காதில் விழுந்தது வேறு.

"ஐயோ, ஆவி புடிச்சிருக்கா!"

அடுத்த நிமிடம் மோட்டார் வீடுகளை நோக்கிப் பறந்தது. கதவுகள் திறந்தன. வேப்பிலையும் திருநீறும் எலுமிச்சம்பழமுமாகப் பெண்கள் திடலுக்கு ஓடிவந்தார்கள். கோயில் பண்டாரம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் வந்தார். முன்பின் தெரியாத ஒருத்திக்காக அடுப்பை அணைத்துவிட்டு இத்தனை பேர் ஓடிவருவார்களா என்று இப்போது நினைத்தாலும் எனக்கு மலைப்பாக இருக்கிறது. ராவாங்கில் நான் நடுரோட்டில் விழுந்தால் ஹாரன்தான் அடிப்பார்கள்.

வந்தவர்கள் காதில் விழுந்தது என் குரல் மட்டும்தான். கேள்விகளெல்லாம் என் இயர்போனுக்குள். அதுவும் என்ன குரல்! மேற்பார்வையாளராக வேண்டுமே என்று அடிவயிற்றிலிருந்து கம்பீரத்தை வரவழைத்து ஆங்கிலத்தில் முழங்கிக்கொண்டிருந்தேன்.

"அட்டெண்டன்ஸ் இஸ் வெரி இம்பார்ட்டன்ட்! லேட் கமிங், நோ எக்ஸ்கியூஸ்! எவ்ரி ஒர்க்கர் மஸ்ட் மீட் த டார்கெட்!"

கூட்டம் இரண்டடி பின்வாங்கியது.

"இங்கிலீஸ் பேசுதுடி!"

"டார்கெட்டு கேக்குது!"

"தொரைதான். பழைய வெள்ளைக்காரத் தொரை வந்துட்டான்."

அண்ணி இந்தக் கட்டத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சிரிப்பை அடக்கியதில் வடை தொண்டையில் சிக்கி, கண்ணில் நீர் வழிய, கையை மட்டும் ஆட்டினாராம். அவர் அழுகிறார் என்று நினைத்து இரண்டு பெண்கள் கட்டிப்பிடித்து ஆறுதல் சொன்னார்கள்.

பண்டாரமே கொஞ்சம் தயங்கினார். சாமியாக இருந்தால் பேசலாம், முனியாக இருந்தால் மிரட்டலாம், துரையிடம் என்ன பேசுவது? அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தவர் அஞ்சலை அம்மா. எழுபதைத் தொட்டிருப்பார். பதினேழு வயதில், அது ரப்பர் தோட்டமாக இருந்தபோது, அதே துரையின் கீழ் பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டியவர். இடுப்பில் கையை ஊன்றிக் கைலிக்கு நேரே நின்றார்.

"என்னா தொரை, செத்தும் உனக்கு டார்கெட்டா? இருட்டுல தீவட்டி கட்டிக்கிட்டு மரம் வெட்டப் போனோமே, மழையில நனைஞ்சோமே, புள்ளத்தாச்சியா நின்னேனே. லேட்டு, லேட்டுன்னுதான் கத்துன. ஒரு நாளாச்சும் சாப்டியான்னு ஒரு வார்த்த கேட்டிருப்பியா?"

அந்தக் குரல் இயர்போனையும் தாண்டிக்கொண்டு உள்ளே வந்தது. முன்னால் சொன்னது ஒன்றும் எனக்குப் புரியவில்லை. யாரோ ஒரு வயதான அம்மா மனம் நொந்து, சாப்பாட்டைப் பற்றி என்னிடம் எதையோ கேட்கிறார் என்பது மட்டும் தெரிந்தது. மைக்கை நிறுத்தலாம் என்றால் வியர்வைக் கைக்கு டச்பேட் வேலை செய்யவில்லை. அதே சமயம் முதலாளி இந்தப் பக்கம் முக்கியமான ஏதோ ஒன்றைக் கேட்கிறார். அந்தக் குழப்பத்தில், வீட்டில் பழகிய பழக்கம் வாயில் வந்துவிட்டது. கைலிக்குள்ளிருந்தே கேட்டேன்.

"நீங்க சாப்டீங்களாம்மா?"

காற்றாடி இல்லாத என் அழகான கணினி அதற்குள் சூடேறி, ஓர் எச்சரிக்கை காட்டி, அணைந்து போனது. மூன்று முகங்களும் இருட்டில் மறைந்தன. என் பதவி உயர்வும் அதோடு போனது.

வெளியே அஞ்சலை அம்மாவின் குரல் கேட்டது. இப்போது அதில் கோபம் இல்லை.

"ஆச்சுய்யா. சாப்ட்டேன். நீ இப்ப போ."

நான் மூச்சுத் திணறிக் கைலியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். முகத்தில் ஒரு கை திருநீறு விழுந்தது. முதுகில் வேப்பிலை விழுந்தது. "போயிருச்சு, போயிருச்சு!" என்று எல்லாரும் ஆர்ப்பரித்தார்கள். அஞ்சலை அம்மா தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்து, எங்கள் இருவரையும் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சோறு போட்டார்.

சாப்பிடும்போது உண்மையைச் சொல்லிவிட முயன்றேன். "அம்மா, ஆவியெல்லாம் இல்லம்மா. நான் வேலைக்கு இன்டர்வியூ பேசிக்கிட்டு இருந்தேன்."

"நீ என்னமோ பேசியிருப்ப. கடைசியா கேட்டது அவன்தான்," என்று ரசத்தை ஊற்றினார். "இத்தன வருசம் ஆயிருக்கு, அவனுக்கு அத கேக்க."

நான் ரசத்தில் சோற்றைப் பிசைந்தேன். எனக்கு அந்த அம்மாவைப் பார்த்துப் பிரமிப்பாக இருந்தது. உயிரோடு இருந்தபோது எவரும் நிமிர்ந்து பார்க்காத ஒருவனை, செத்துப்போய் இன்னும் பயங்கரமாகத் திரும்பி வந்த பிறகு, நேருக்கு நேர் நின்று கேள்வி கேட்டவர் அவர். அவ்வளவு கோபத்தையும் இவ்வளவு காலம் சுமந்தவர், ஒரே ஒரு விசாரிப்புக்கு அதைக் கீழே வைத்துவிட்டார். நானாக இருந்தால் வட்டி போட்டு வாங்கியிருப்பேன்.

அடுத்த வாரம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அலுவலகம் போனேன். நடேசன் மைக்கில் கேட்ட எல்லாவற்றையும் மற்ற இருவருக்கும் மொழிபெயர்த்துச் சொல்லியிருந்தார். நேர்காணலை மறுபடியும் வைத்தார்கள். இந்த முறை நாற்காலி, மேசை, குளிர்சாதனம். முதலாளி கேட்ட முதல் கேள்வியே, "அந்த அம்மா நலமா?" என்பதுதான். வேலை கிடைத்தது. என் பிரிவில் யாராவது தாமதமாக வந்தால் கத்துவதற்கு வாயைத் திறப்பேன். சாப்பிட்டாயா என்ற கேள்வி முந்திக்கொள்ளும். அதற்காகவே தாமதமாக வருகிறவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

வீட்டில் எனக்குப் பெயர் துரை. நான் குரலை உயர்த்தினால் பாஸ்கரன் கையெடுத்துக் கும்பிட்டு, "சாப்ட்டேன், நீ இப்ப போ," என்பார். அந்த மடிக்கணினி அண்ணி வீட்டில் இருக்கிறது. அதன்மேல் எதை வைக்கிறார் என்று நான் கேட்பதில்லை.

இப்போது பயணம் போனால் கைப்பேசி மட்டும்தான். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தோட்டத்துக்குள் திரும்பிவிடுவோம். போன மாதமும் போனோம். அஞ்சலை அம்மா வாசலுக்கு வந்து, என் சைக்கிள் பையை ஒரு மாதிரி உற்றுப் பார்த்தார்.

"அவன் வரலியா?"

"யாரும்மா?"

"அதான், தொரை."

"வரலம்மா."

"கூட்டியாந்திருக்கலாம்ல," என்றார். "கோழி அடிச்சிருக்கேன்."